மில்லைத் துடைத்த அரிசி

ஜெயபாயை அடக்கம் செய்து ஒரு மாதம் போல ஆன பிறகுதான் ரசலையன் உருளைக்கிழங்கை ஒதுக்கத் தொடங்கினார். அவர் மனைவி பூங்கனிக்குப் பிடிபடாமல் இருந்தது அதுதான். உடன்பிறந்த அக்காள் செத்த துக்கம் என்றால் செத்த அன்றே தொண்டை அடைத்திருக்க வேண்டும். ஆனால் கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்த மறுநாளே அவர் கஞ்சியும் உருளை வறுவலும் எப்போதும்போல் சாப்பிட்டார். அந்த மாதம் முழுக்கச் சாப்பிட்டார். பிறகு ஒரு மதியம், தட்டில் இருந்த வறுவலில் ஒரு துண்டை வாயிலிட்டு நெடுநேரம் மென்றவர், விழுங்காமல் உள்ளங்கையில் துப்பி, துப்பியதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உப்பு கூடிப்போச்சா?” என்று கேட்டாள் பூங்கனி.

“இல்லட்டி.”

“வேகலியா?”

“வெந்திருக்கு. இது நம்ம வீட்டுக்கது இல்ல.”

“பொறவு ஆருக்க வீட்டுல இருந்து கொண்டாந்தேனாம்? சட்டி இப்பளும் அடுப்புல கெடக்கு, போய் பாருங்க.”

அவர் தட்டை நகர்த்திவிட்டுப் பின்வாசலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். பின்வாசலுக்கு வெளியே இடுப்பளவு மதில். மதிலுக்கு அப்பால் ஜெயபாயின் அடுக்களை. இரண்டு வீடுகளும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு, கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் ஒரே விளையில் நின்றன.

ரசலையன் கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு வருடம் முன்பு லேசான பக்கவாதம் வந்து போனதில் நடை திரும்பிவிட்டது. நாக்கின் ஒரு பாதி திரும்பவில்லை. மீனும் மரச்சீனிக் கிழங்கும் தனக்கு ஒன்றுதான் என்பார். கஞ்சி வெறும் வெந்நீர். மொரமொரவென்று வறுத்த உருளைத் துண்டைக் கடித்தால்தான் அவர் வாய் விழித்துக்கொள்ளும். அது மறுபடி உறங்குவதற்குள் நாலு கரண்டி கஞ்சி உள்ளே போய்விடும். வறுவல் நின்றபோது கஞ்சியும் நின்றது. கழுத்தெலும்புக் குழிகள் ஆழமாயின. கைக்கடிகாரம் முழங்கை வரை ஏறி இறங்கியது. இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம், இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

குழாயைவிட ஒரு சொல்லுக்குத்தான் பூங்கனி அதிகம் பயந்தாள். அந்தச் சொல்லைச் சொன்னவள் இப்போது மண்ணுக்கடியில் இருந்தாள்.

பூங்கனி திங்கள்சந்தைப் பக்கத்திலிருந்து இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அடுக்களை மாமியாரிடமும் ஜெயபாயிடமும் இருந்தது. ஜெயபாய் ரசலையனுக்கு மூத்தவள். அடுத்த வீட்டிலேயே கட்டிக்கொடுக்கப்பட்டதால் பிறந்த வீட்டைவிட்டு அவள் போனதாகவே சொல்ல முடியாது. அந்த வீட்டு வறுவல் பொடியில் கிராம்பு சேரும். மலைத் தோட்டங்களில் விளைகிற கிராம்பு. ரசலையன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பொட்டலமாகக் கொண்டுவருவார். பூங்கனிக்குக் கிராம்பு மணம் ஆகாது. அவள் பொடியில் மிளகாய் வற்றல், மல்லி, சீரகம், நல்லமிளகு, அவ்வளவுதான். முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் வறுத்த உருளையை ஒன்று எடுத்துக் கடித்த ஜெயபாய், “உருளைய குளிப்பிச்சு உடுப்பு போடாம அனுப்பிருக்கியே, ஏட்டி,” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ரசலையனும் சிரித்தார். அன்று தொடங்கியது.

சிரிப்போடு நின்றிருந்தால் இரண்டு பெண்களுக்குள் வருகிற சாதாரணச் சில்லறைச் சண்டையாகப் போயிருக்கும். மகன் ஜெப்சன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம் மாமியார் படுத்துவிட்டாள். கஞ்சித் தண்ணீர் தவிர வேறு எதுவும் தொண்டையில் இறக்கக் கூடாது, புரையேறினால் ஆபத்து என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பூங்கனி அதை எழுத்துப் பிசகாமல் செய்தாள். ரசலையன் வாரம் முழுக்கத் தோட்டத்துக் குடியிருப்பில். சனிக்கிழமைதான் எஸ்டேட் பஸ்ஸில் வருவார். பார்ப்பது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் அவள்தான். ஒரு மதியம் ஜெயபாய் மதிலின் மேல் ஒரு தூக்குக் கேரியரை வைத்துவிட்டு, “அம்மைக்கு” என்று குரல் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மூடி திறக்காமலே தெரிந்தது. கிராம்பு போட்டு வறுத்த உருளை.

உள்ளே கட்டிலில் கிடந்தவள் மூக்கு விடைக்கத் தலையைத் தூக்கினாள். “ஜெயம் வந்தாளா?” என்று கேட்டாள்.

“இல்ல,” என்றாள் பூங்கனி. கேரியரைத் திறக்காமல், வைத்த இடத்திலேயே, மதிலின் மேலேயே திரும்ப வைத்தாள்.

அந்த வாரமே மாமியார் இறந்தாள். பிணம் எடுக்கும் முன், சபை மக்கள் கூடி நிற்கையில், ஜெயபாய் பூங்கனியின் முகத்துக்கு நேராகச் சொன்னாள்: “எனக்க அம்மைய பட்டினி போட்டு கொன்னவ நீ.” அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை. ஜெப்சன் படித்து, குவைத்துக்குப் போய், ஸ்மைலினைக் கட்டிக்கொண்டுவந்து, மறுபடியும் குவைத்துக்குப் போய்விட்டான். மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பெண்களுக்கும் முடி நரைத்தது. பேச்சில்லை.

ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் இருவரும் போயே ஆக வேண்டியிருந்தது. முத்துநாயகத்தின் மாவு மில்.

முத்துநாயகம் நெற்றியில் வெள்ளை நாமம் இழுத்துக்கொண்டு மில்லைத் திறப்பவர். அரிசி மெஷின் தினமும் ஓடும். வற்றல் மெஷினை வியாழக்கிழமை மட்டும்தான் ஓட்டுவார். மற்ற நாட்களில் ஓட்டினால் அரிசிக்காரர்கள் தும்மிச் சாவார்கள் என்பது அவர் கணக்கு. மாதத்தின் முதல் வியாழன் பொடி நாள் என்பது மாமியார் வைத்த வழக்கம். இரண்டு பேரும் அதை விடவில்லை. ஜெயபாய் மில் திறக்கும்போதே போய்விடுவாள். அவள் பாத்திரத்தோடு திரும்பி வளைவில் மறைவதைப் பார்த்துவிட்டுத்தான் பூங்கனி படியேறுவாள். முந்திப் போகலாமே என்றால் அதிலும் ஒரு கணக்கு இருந்தது. எந்த மெஷினும் போட்டதையெல்லாம் திருப்பித் தருவதில்லை. சுத்தியல் பிளேட்டுகளின் இடுக்கில், சல்லடையில், பொடி வந்து விழுகிற துணிப்பையின் மடிப்பில், முந்தைய ஆளின் பொடி ஒட்டிக்கொண்டிருக்கும். முந்திப் போனால் தன் பொடி ஜெயபாயின் வீட்டுக்குப் போகும். பிந்திப் போனால் துடைத்துவிடலாம்.

துடைப்பதற்கு எல்லோரும் செய்கிற வழிதான். ஒரு பிடி பச்சரிசியை முதலில் மெஷினில் போட்டு ஓட்டினால் ஒட்டியிருப்பதையெல்லாம் அது வாரிக்கொண்டு வெளியே வந்துவிடும். மற்றவர்கள் ஒரு பிடி கொண்டுவருவார்கள். பூங்கனி ஒரு டம்ளர் நிறையக் கொண்டுவருவாள். “அவளுக்க பொடி ஒரு தரி எனக்கதுல படக்கூடாது,” என்பாள். முத்துநாயகம் போட்டு ஓட்டுவார். அந்த மாவை மற்றவர்கள் கோழிக்குப் போட்டார்கள். ஒரு டம்ளர் அரிசியை எறிய பூங்கனிக்கு மனம் வராது. அதைத் தனிப் பொட்டலமாக வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பாள். உருளை வறுவலுக்கு அரிசி மாவு வேண்டும். மஞ்சளும் உப்பும் போட்டு முக்கால் வேக்காடு எடுத்து, துணியில் ஈரம் உலர்த்திய துண்டுகளின் மேல் முதலில் அரிசி மாவைத் தூவிப் புரட்ட வேண்டும். இரும்புச் சட்டியில் தேங்காயெண்ணெய் காய்ந்ததும் துண்டுகளைப் பரப்பி, கிளறாமல், ஒரு பக்கம் பொருக்குக் கட்டும்வரை விட வேண்டும். பொருக்குக் கட்டிய பிறகுதான் பொடி. அந்தப் பொருக்குக்குத்தான் டின்னில் உள்ள மாவு.

ஈஸ்டர் கழிந்த வாரத்தில் ஜெயபாய் அடுக்களையில் விழுந்து இறந்தாள். பூங்கனி கல்லறைத் தோட்டம்வரை போனாள். எல்லோரும் குழியில் ஒரு பிடி மண் போட்டார்கள். ரசலையனும் போட்டார். ஜெயபாயின் மகள் ரெஜிஷா திரும்பிப் பார்த்தாள். பூங்கனி மண்ணைக் கையில் எடுக்கவில்லை. மரத்தடியிலேயே நின்றுவிட்டு வந்தாள்.

இப்போது, தட்டு தினமும் அப்படியே திரும்பி வந்தபோது, பூங்கனி ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். எண்ணெயை மாற்றினாள். கடைக்காரனை மாற்றினாள். வற்றலை இன்னும் ஒரு வெயில் காயவைத்தாள். அதே பொடியில்தான் மீன் வறுத்தாள், அதே பொடியில்தான் சேனை வறுத்தாள். அவற்றில் குறையில்லை என்று மருமகள் ஸ்மைலின் சத்தியம் செய்தாள்.

“மீனு பழைய மாதிரிதான் இருக்கு, மாமி. உருளை மட்டும்தான் என்னமோ மாதிரி. நல்லா இல்லன்னு சொல்ல மாட்டேன். ஏதோ ஒரு ஆளு எறங்கிப் போன பஸ்ஸு மாதிரி இருக்கு.”

“உனக்க வாயில நல்ல சொல்லே வராதா, மக்களே?”

ஸ்மைலின் மார்த்தாண்டத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் வேலை பார்த்தாள். மாமனாரைக் குழாயில் போட விடுவதில்லை என்று அவளும் தீர்மானமாக இருந்தாள். வேலை முடிந்து வரும்போது சூப்பர் மார்க்கெட்டில் நுழைந்து ஒரு பாக்கெட் வாங்கிவந்தாள். வறுவல் மசாலா என்று போட்டு, தங்க நிறத்தில் உருளைத் துண்டுகள் படமும் போட்டிருந்தது.

“இதுல எல்லாம் உண்டு, மாமி. உப்பும் உண்டு. நீங்க ஒண்ணும் பாக்கண்டாம்.”

“உப்பையும் அவனுவளே போட்டாச்சுன்னா பொறவு நான் எதுக்கு இந்த அடுப்படில நிக்கணும்?”

“போட்டோ எடுத்து உங்க பிள்ளைக்கு அனுப்ப ஒரு ஆளு வேணும்லா?”

பூங்கனி பாக்கெட்டைக் கிழித்துச் சிறிது உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். குறை சொல்ல எதுவுமில்லை. நிறம் நல்ல சிவப்பு, அரைப்பு முகப்பவுடர் போல நைசு. கொஞ்சம் பூண்டு, கொஞ்சம் புளிப்பு. எந்த வீட்டிலும் எந்த நாளும் இப்படியேதான் இருக்கும். பெண்கள் ஏன் வாங்குகிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. கை தவறினால் காப்பாற்றும் பொடி அது. வறுத்து, கஞ்சியோடு வைத்தாள்.

ரசலையன் ஒரு துண்டைத் தின்றார். இன்னொன்றும் தின்றார். அடுக்களை வாசலில் மாமியாரும் மருமகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“நல்லாதான் இருக்கு,” என்றார். “இது ஆருக்க வீட்டுக்கது?”

“கடைல உள்ளது, மாமா.”

“கடை ஆருக்க வீடு?”

ஸ்மைலினுக்குச் சிரிப்பு வந்தது. பூங்கனிக்கு வரவில்லை. அவர் மூன்றாவது துண்டை எடுக்கவில்லை. அடுத்த நாள் முதல் துண்டையும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. சாயங்காலம் ஸ்மைலின் வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் கிடந்த மாமனாரைத் தாண்டி உள்ளே போனாள். கண்ணை மூடிக் கிடந்தவர் தலையைத் தூக்கினார். மூக்கு விடைத்தது. பல வாரங்களாக அவர் முகத்தில் இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது.

“ஜெயம் வந்தாளா?” என்று கேட்டார்.

பூங்கனியின் கையிலிருந்த டம்ளர் விழுந்து உருண்டது. குரல்கூட அவருடையதாக இல்லை. அதே கட்டில் கிடந்த அறைக்கு வெளியே, அதே இழுப்போடு, அதே ஆசையோடு, செத்துப்போன தாயின் கேள்வி.

“நான் ஸ்மைலின், மாமா.”

“பொய் சொல்லாத. எனக்கு தெரியும். வந்துட்டு போறா. உள்ள வர விடமாட்டேங்கா.”

யார் உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

பூங்கனி அன்றிலிருந்து மதிலைப் பார்க்காமல் பாத்திரம் கழுவினாள். பார்க்காவிட்டாலும் அங்கே ஓர் ஆள் நிற்பது முதுகுக்குத் தெரிந்தது. கேரியர் மூடி மெல்ல அசைகிற ஓசை கேட்கும். திரும்பினால் வெறும் மதில், அதன் மேல் காய்ந்த பாசி. சட்டியில் உருளை பொரியும்போது, ஒருத்தி தனக்குப் பின்னால் நின்று தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கும். தன் கைப் பக்குவத்தை அவள்தான் எடுத்துக்கொண்டு போகிறாள், தாயைப் பட்டினி போட்டாய், தம்பியையும் போடு என்கிறாள் என்று பூங்கனி நம்பத் தொடங்கினாள்.

இந்துக் குடும்பமாக இருந்தால் ஓர் இலை போட்டு, ஒரு பிடி சோறு வைத்து, தின்றுவிட்டுப் போ என்று சொல்ல ஒரு வழி இருக்கும். பூங்கனியின் சபையில் செத்தவர்களுக்குச் சோறு கிடையாது. செத்தவர்கள் கர்த்தருக்குள் உறங்குகிறார்கள், மதிலோரம் நிற்பதில்லை. போதகரிடம் சொன்னால் ஜெபம் செய்வார். பிறகு அவர் மனைவியிடம் சொல்வார். ஞாயிறு ஆராதனைக்குள் பெண்கள் ஐக்கிய சங்கம் முழுக்கத் தெரிந்துவிடும்: ரசலையன் பெஞ்சாதிக்குப் பேய் பிடித்திருக்கிறது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. வறுத்தாள், வைத்தாள், திருப்பி எடுத்தாள்.

அடுத்த மாதத்து முதல் வியாழன் வந்தது. இந்த முறை வற்றலையே மாற்றியிருந்தாள். மல்லியைப் புதிதாக வறுத்திருந்தாள். இதிலும் ஆகாவிட்டால் ஆஸ்பத்திரிதான் என்று முடிவு செய்து, பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மில்லுக்குப் போனாள். காத்து நிற்க இப்போது ஒன்றுமில்லை. மில்லில் அவள்தான் முதல் ஆள்; போன வியாழன் ஓட்டி முடித்துத் துடைத்த மெஷின் சுத்தமாகக் கிடந்தது. பழக்கத்தில் முந்தானைக்குள்ளிருந்து அரிசி டம்ளரை எடுத்து நீட்டினாள்.

முத்துநாயகம் டம்ளரை வாங்காமல் பார்த்தார்.

“இனியும் எதுக்குக்கா இந்த அரிசி?” என்றார். “ஆருக்க பொடிய தொடைக்கணும்?”

“ஒமக்கென்ன, போட்டு ஓட்டும்.”

ஓட்டினார். துணிப்பையிலிருந்து மாவு தட்டில் விழுந்தது. பூங்கனி அதைப் பொட்டலத்தில் சரிக்கப் போனவள் நின்றாள். மாவு வெள்ளையாக இருந்தது. அரிசி மாவு வெள்ளையாக இல்லாமல் எப்படி இருக்கும்? ஆனால் தன் பிஸ்கட் டின்னில் இத்தனை வருடம் இருந்த மாவு வெள்ளையாக இருந்ததே இல்லை. மழை பெய்த செம்மண் தடத்தின் நிறம் அது. போன மாதம் கொண்டுபோனதும் வெள்ளைதான். துக்க வீட்டு அலைச்சலில் அவள் கவனிக்கவில்லை; பிறகு எண்ணெயையும் பொடியையும் சந்தேகித்தவள் மாவைச் சந்தேகிக்கவில்லை. குனிந்து முகர்ந்தாள். பச்சரிசி மணம் மட்டும்தான். அந்தப் பழைய மாவுக்கு ஒரு மணம் இருந்தது. டின்னைத் திறந்தவுடன் மூக்கில் ஏறும், லேசாகக் காந்தும். ஸ்மைலின் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து தாண்டிப் போகும்போது அவள் சேலையில் அடிக்குமே, அதே. பல்லுக்கு வைக்கிற கிராம்பெண்ணெய் மணம்.

பூங்கனி மில்லின் சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

மீன் கெடவில்லை, சேனை கெடவில்லை. அவற்றுக்கு அவள் அரிசி மாவு தூவுவதில்லை. உருளைக்கு மட்டும்தான். ஒரு தரி படக்கூடாது என்று ஒரு டம்ளர் அரிசி போட்டு வாரியெடுத்த அவ்வளவையும், அரிசியை எறிய மனமில்லாமல், மாதா மாதம் அவளே முந்தானையில் முடிந்து வீட்டுக்குச் சுமந்திருக்கிறாள். ஜெயபாயின் வற்றலும் ஜெயபாயின் பெருஞ்சீரகமும் ஜெயபாயின் கிராம்பும், உருளையின் மேல் முதல் உடுப்பாக. ரசலையனுக்குத் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்ட தூக்குகளில் அதுதான் போயிருக்கிறது. அவர் இத்தனை வருடமும் நம்ம வீட்டுக்கது என்று தின்றது அதைத்தான்.

“அக்கா, உங்க பொடிய போடட்டா?” என்றார் முத்துநாயகம்.

“வேண்டாம்,” என்றாள். “அடுத்த வியாழன் வாறேன்.”

அன்று மதியமே அவள் மதிலைச் சுற்றிக்கொண்டு ரெஜிஷாவின் வாசலில் போய் நின்றாள். ரெஜிஷா துணி மடித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

“வழி தெரிஞ்சுதா, மாமி?”

“தெரிஞ்சுது.”

“எங்க அம்மைக்கு ஒரு பிடி மண்ணு போட உங்க கை வரலியே.”

“வரல, மக்களே.”

ரெஜிஷா மடித்த துணியை மறுபடி உதறி மடித்தாள். வாய்க்குள் தயாராக வைத்திருந்த மற்றச் சொற்களுக்கு, இந்தப் பதிலுக்குப் பிறகு இடமில்லாமல் போயிருக்க வேண்டும்.

“மாமா ஒண்ணும் திங்கலியாமே?”

“இல்ல. உங்கம்மைக்க வறுவ பொடி கொஞ்சம் கெடந்தா…”

“எங்க கெடக்கு? அடுத்த நாளே சொந்தக்காரங்க எல்லாம் நின்னு வீட்டக் கழுவினப்ப பாட்டில எல்லாம் கழுவி கவுத்தியாச்சு. நான் பாக்கெட்டு தான் வாங்குவேன். எனக்க பிள்ளையளுக்கு அந்த மணம் ஆவாது.”

“என்னவெல்லாம் போடுவா?”

ரெஜிஷா விரல் மடக்கிச் சொன்னாள். வற்றலும் மல்லியும். மல்லியில் பாதி பெருஞ்சீரகம். கறிவேப்பிலையை எண்ணெயில் போட்டுக் கறுக்க வறுப்பாள். கடைசியில் கிராம்பு. சிறுமியாக இருந்தபோது வறுக்கிற வேலை தன்னுடையது என்றாள். உள்ளே போய், ஒரு துணிப்பொட்டலத்தில் மிச்சம் இருந்த கிராம்பைக் கொண்டுவந்தாள்.

“கிராம்பு எம்பிடு?”

“அம்மைக்கு அளவெல்லாம் கெடையாது, மாமி. வறுக்கச்ச மணம் மதிலு வரைக்கும் போணும்பா. போச்சான்னு என்ன வெளிய போய் நிக்கச் சொல்லுவா. நான் மதிலு பக்கத்துல நின்னு, ‘வந்தாச்சு’ன்னு சொன்ன பொறவுதான் சட்டிய எறக்குவா.”

பூங்கனி மதிலைப் பார்த்தாள். இந்தப் பக்கத்திலிருந்து அவள் அதைப் பார்த்து வெகு காலமாயிற்று. தன் அடுக்களை ஜன்னல் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று நினைத்திருக்கவில்லை.

புதன்கிழமை பூங்கனி இரண்டு பொடிக்கு வறுத்தாள். முதலில் தன்னுடையது. அது கைக்குத் தெரிந்த வேலை. அடுத்து மற்றது. கறிவேப்பிலை கறுத்தது, பெருஞ்சீரகம் வெடித்தது, கிராம்பு சட்டியில் உப்பி எண்ணெய் கக்கியது. அவளுக்கு வழக்கம்போல் தலை வலித்தது. ஸ்மைலினை மதிலோரம் நிற்கச் சொன்னாள்.

“எதுக்கு, மாமி?”

“நில்லு. மணம் வந்தா சொல்லு.”

“எங்க ஆஸ்பத்திரி மாதிரி அடிக்குது!” என்று ஸ்மைலின் வெளியிலிருந்து கத்தினாள். “வந்தாச்சு, வந்தாச்சு, எறக்குங்க!”

மறுநாள் மில்லில் இரண்டு பாத்திரங்களையும் வைத்தாள்.

“மொதல்ல இத போடும்,” என்றாள்.

முத்துநாயகம் மூடியைத் திறந்தார். திறந்தவர் பூங்கனியின் முகத்தைப் பார்த்தார். மெஷினில் கொட்டி ஓட்டினார். மில் முழுக்க அந்த மணம் பரவியது. பொடி விழுந்து முடிந்ததும், பையின் மடிப்பில் நிற்கிற மிச்சத்தை இறக்கக் கையால் தட்ட வேண்டும்; எல்லோருக்கும் அவர் செய்வதுதான். கையை ஓங்கியவர் பாதியில் நிறுத்தினார்.

“இத தட்டக் கூடாதுல்லா,” என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல்.

“ஏன்?”

“அவிய ஒரு நாளும் தட்ட விட்டது இல்லக்கா. ‘பைய தட்டாதியும், பொறவு வாறவளுக்கு கெடக்கட்டும்’னு சொல்லுவாவ. ஒவ்வொரு தடவையும் சொல்லுவாவ.”

பூங்கனி பையைத் திரும்பிப் பார்த்தாள்.

“நான் தொடைக்கியது அவளுக்கு தெரியுமா?”

“தெரியாம இருக்குமா? இந்தக் கருங்கல்லுக்கே தெரியும்.”

“மாவ வீட்டுக்கு கொண்டு போறதும்?”

“அது நீங்க பொட்டலம் கெட்டிட்டு போறத பாத்தா ஆருக்கும் தெரியும்.”

“வசவாட்டா சொன்னா?”

முத்துநாயகம் யோசித்தார். யோசித்து மட்டுமே பதில் சொல்கிற ஆள் அவர்.

“அதொண்ணும் எனக்கு வெளங்கல. சிரிக்கவும் மாட்டாவ, மொறைக்கவும் மாட்டாவ. சொல்லுவாவ, பாத்திரத்த எடுத்துட்டு போவாவ. ஒரு தடவ நான், ‘என்னத்துக்குக்கா வீணா விடுதியா’ன்னு கேட்டேன். ‘வீணா போவாது, அவ அரிசிய எறிய மாட்டா’ன்னாவ.”

பூங்கனி டம்ளர் அரிசியை நீட்டினாள். அவர் போட்டு ஓட்டினார். மாவு செம்மண் நிறத்தில் வந்தது. அவள் அதை ஒரு தரி சிந்தாமல் பொட்டலம் கட்டினாள். நூலை இரண்டு முறை சுற்றி முடிந்தாள்.

அன்று மதியம் அவள் சட்டியை அடுப்பில் வைத்தாள். உருளையை வேகவைத்து, உலர்த்தி, பொட்டலத்து மாவைத் தூவிப் புரட்டினாள். எண்ணெய் காய்ந்தது. துண்டுகளைப் பரப்பினாள், கிளறவில்லை. தோளுக்குப் பின்னால் அந்த ஆள் வந்து நின்றாள். பூங்கனி இந்த முறை ஒதுங்கவில்லை. பார்க்கட்டும் என்று நின்றாள். பொருக்குக் கட்டியது. தன் பொடியைத் தூவி இறக்கினாள்.

ரசலையன் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். தட்டை அவர் மடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனபோதே மூக்கு விடைத்தது. கண் திறக்காமல் கையை நீட்டி ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். மொரமொரவென்ற ஓசை அந்த அறையில் பெரிதாகக் கேட்டது. மென்றார். விழுங்கினார். இன்னொன்று எடுத்தார். பூங்கனி ஒரு கரண்டி கஞ்சியை நீட்டினாள். வாய் திறந்தது.

பிறகு கண்ணைத் திறந்து, அவளைத் தாண்டிப் பின்வாசலைப் பார்த்தார்.

“ஜெயம் வந்தாளா?”

பூங்கனி கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். அந்தக் கேள்விக்கு அவள் ஒரு முறை பதில் சொல்லியிருக்கிறாள்.

“வந்தா,” என்றாள்.

“கேரியர கழுவிக் குடுத்து விடு. சும்மா குடுக்காத.”

“சரி.”

“தெறந்து பாத்தியா?”

“பாத்தேன்.”

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த துண்டை எடுத்தார்.

ஸ்மைலினை அவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு பூங்கனி அடுக்களைக்குப் போனாள். அவளிடம் ஜெயபாயின் கேரியர் இல்லை. அது என்றோ மதிலிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டுவிட்டது. தன் வீட்டுக் கேரியரை எடுத்துக் கழுவி, துடைத்து, கீழ்த் தட்டில் சூடான வறுவலை நிரப்பினாள். மேல் தட்டில், மில்லில் முதலில் அரைத்த பொடியை, ஒரு கரண்டிகூடத் தனக்கு எடுத்துக்கொள்ளாமல் முழுக்கக் கொட்டினாள். பின்வாசல் வழியாக வெளியே போனாள்.

மதிலின் மேல், பாசியைக் கையால் வழித்துவிட்டு, அதே இடத்தில் வைத்தாள். ரெஜிஷாவைத்தான் கூப்பிட வேண்டும் என்று வந்தாள். வாயைத் திறந்தபோது வந்தது வேறு, நாத்தனாரைக் கூப்பிட்ட பழைய முறை.

“மைனி,” என்றாள். “கேரியர் இஞ்ச இருக்கு.”

உள்ளே ரசலையன் கடித்து மெல்லும் ஓசை இங்குவரை கேட்டது. எதிரே, அந்த அடுக்களையின் கதவு திறந்தது.